ஒரு துப்பாக்கிக்கு எத்தனை தாயம்?

குற்றாலத்துப் பேரருவியில் குளித்திருக்கிறீர்களா? சாரல் காலத்தில் அதன் கீழ் நின்றால் தலையிலும் தோளிலும் தடதடவென்று நீர் விழும். முதுகை யாரோ பிடித்துவிடுவது போல் இருக்கும். அரை மணி நேரம் நின்றாலும் அலுக்காது.

அந்த நீரை வைத்து ஒரு சிறு கணக்குப் போடுவோம். பேரருவியின் உயரம் சுமார் 60 மீட்டர். ஒரு லிட்டர் நீரின் நிறை ஒரு கிலோகிராம். நிறையை 9.8 ஆலும் உயரத்தாலும் பெருக்கினால், ஒரு லிட்டர் நீர் அந்த உயரத்திலிருந்து விழும்போது கொண்டு வரும் ஆற்றல் கிடைக்கும். அது 588 ஜூல்.

இனி இன்னொரு கணக்கு. தமிழ்நாட்டுக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடிச் சென்ற கென்னத் ஆண்டர்சன் என்ற வேட்டைக்காரரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர் வைத்திருந்தது வின்செஸ்டர் கம்பெனியின் 1895ஆம் ஆண்டு மாதிரித் துப்பாக்கி; .405 அளவுத் தோட்டா போடுவது. அதன் குண்டு சுமார் 19.4 கிராம் எடையுள்ளது. குழலை விட்டு நொடிக்கு ஏறத்தாழ 670 மீட்டர் வேகத்தில் பாயும். நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்குங்கள். சுமார் 4,350 ஜூல் வரும்.

4,350ஐ 588ஆல் வகுத்தால் 7.4. அதாவது, பேரருவியின் உச்சியிலிருந்து விழும் ஏழரை லிட்டர் நீருக்கும், காட்டெருமையைச் சாய்க்கும் ஒரு குண்டுக்கும் ஆற்றல் ஏறத்தாழ ஒன்றே! அரை வாளி நீர்தான். அது தலையில் விழுந்தால் நாம் சிரிக்கிறோம். குண்டு பட்டால் உயிர் போகிறது. எண் ஒன்றாக இருக்கும்போது விளைவு மட்டும் ஏன் இப்படி வேறுபடுகிறது?

இந்தக் கேள்வி இயற்பியல் வகுப்போடு முடிந்துவிடுவதில்லை. உலகெங்கும் ஒருவகை விளையாட்டைத் தயாரிக்கிறவர்கள் தினமும் இதோடு மல்லுக்கட்டுகிறார்கள். அந்த விளையாட்டு என்னவென்று முதலில் பார்ப்போம்.

மேசைமேல் ஒரு காடு

நான்கைந்து நண்பர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் கதை நடத்துபவர். மற்றவர் ஒவ்வொருவரும் ஒரு கதாபாத்திரம். “காட்டுப் பாதையில் நடக்கிறீர்கள். புதர் அசைகிறது. என்ன செய்வீர்கள்?” என்று அவர் கேட்பார். “சுடுகிறேன்” என்பார் ஒருவர். உடனே பகடை உருளும். குறி தப்பியதா, பட்டதா, பட்டால் எவ்வளவு சேதம் என்பதைப் பகடையும் ஒரு தாளில் எழுதிய எண்களும் சொல்லும். பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டு என்பது இதுதான்.

1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகையில் புகழ்பெற்ற முதல் ஆட்டம். அதில் வாளும் வில்லும் உண்டு. அடுத்த ஆண்டே, அமெரிக்க மேற்குப் பகுதியின் குதிரை வீரர்களை வைத்து ‘பூட் ஹில்’ என்ற ஆட்டம் வந்தது. துப்பாக்கிகளும் மேசைக்கு வந்துவிட்டன.

ஆயுதத்தை எண்ணாக்கிப் பகடை உருட்டும் யோசனை இதைவிடப் பழையது. 1824ஆம் ஆண்டிலேயே பிரஷ்ய நாட்டில் ரைஸ்விட்ஸ் என்ற இளம் ராணுவ அதிகாரி, வரைபடத்தின்மேல் போர்ப் பயிற்சி ஆடும் முறை ஒன்றை வகுத்தார். எந்தத் தூரத்தில் சுட்டால் எத்தனை குண்டு படும் என்பதற்கு அவர் அட்டவணைகள் வைத்திருந்தார். அதிர்ஷ்டத்தின் பங்கைப் பகடையிடம் விட்டார்.

ஆட்டத் தாளில் ஒரு துப்பாக்கிக்குப் பொதுவாக நான்கு எண்கள் இருக்கும். ஒன்று, பட்டால் எவ்வளவு சேதம். இரண்டு, எவ்வளவு தூரம் எட்டும். மூன்று, ஒரு சுற்றில் எத்தனை முறை சுடலாம். நான்கு, எத்தனை தோட்டா கொள்ளும். இந்த நான்கு எண்களும் எங்கிருந்து வருகின்றன என்று அறிய, துப்பாக்கியைத் திறந்து பார்க்க வேண்டும். ஆண்டர்சனின் துப்பாக்கியையே எடுத்துக்கொள்வோம். அது நெம்புகோல் துப்பாக்கி வகையைச் சேர்ந்தது.

கைக்குள் ஒரு நெம்புகோல்

நெம்புகோலைப் பற்றிப் பாடத்தில் படித்திருக்கிறீர்கள். பாட்டியின் பாக்குவெட்டி ஒரு நெம்புகோல். கை அதிக தூரம் நகர்கிறது. மறுபுறம் பளு குறைந்த தூரம் நகர்கிறது. அதனால் விசை பெருகுகிறது.

நெம்புகோல் துப்பாக்கியில், சுடுவிசையைச் சுற்றி ஒரு வளையம் போலக் கைப்பிடி கீழே தொங்கும். சுட்டவர் கையை எடுக்காமலே அதைக் கீழும் முன்னும் தள்ளுகிறார். பிறகு பழைய இடத்துக்கு இழுக்கிறார். இந்த ஒரே அசைவில் எத்தனை வேலை நடக்கிறது பாருங்கள். முதலில் பூட்டு விலகுகிறது. குழலின் பின்புறத்தை அடைத்திருந்த உருக்குத் தண்டு பின்னால் வருகிறது. வரும்போது காலியான பித்தளைக் கூட்டைப் பிடித்து இழுத்து வெளியே எறிகிறது. அடிக்கும் சுத்தியைப் பின்னால் தள்ளி நிறுத்துகிறது. அடுத்த தோட்டா மேலே ஏறுகிறது. கைப்பிடி திரும்பும்போது தண்டு அதைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டிக்கொள்கிறது. நொடிப்பொழுதில் துப்பாக்கி மீண்டும் தயார்.

இதற்கு நெம்புகோல் எதற்கு? வெடிக்கும்போது உள்ளே எழும் அழுத்தத்தால் பித்தளைக் கூடு விரிந்து குழலின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அதைப் பிடுங்கக் கொஞ்சம் கூடுதல் விசை வேண்டும். அந்த விசையை நெம்புகோல் தருகிறது.

1860இல் அமெரிக்காவில் பெஞ்சமின் டைலர் ஹென்றி என்பவர் உரிமை பெற்ற துப்பாக்கியில் இந்த முறை வெற்றிகரமாக அமைந்தது. அதன்பின் வின்செஸ்டர் கம்பெனியின் 1866, 1873, 1894 மாதிரிகள் வந்தன. இவற்றிலெல்லாம் தோட்டாக்கள் குழலுக்குக் கீழே இன்னொரு நீண்ட குழாயில் ரயில் பெட்டிகள் போல ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். நிறையத் தோட்டா கொள்ளும். ஆனால் அதில் ஒரு சங்கடம் உண்டு. ஒரு தோட்டாவின் மூக்கு, முன்னால் நிற்கும் தோட்டாவின் அடியில் உள்ள வெடிமூடியைத் தொட்டுக்கொண்டிருக்கும். மூக்கு கூராக இருந்தால், சுடும் அதிர்ச்சியில் அது வெடிமூடியைக் குத்திவிடலாம். ஆகவே குழாய் வகைத் துப்பாக்கிகளுக்கு மூக்கு மழுங்கிய குண்டுகளையே பயன்படுத்தினார்கள்.

மழுங்கிய மூக்கைக் காற்று அதிகமாக எதிர்க்கும். குண்டின் வேகம் விரைவில் குறையும். எட்டும் தூரமும் குறையும். பார்த்தீர்களா! தோட்டாவை எங்கே வைப்பது என்ற சிறிய முடிவு, ஆட்டத் தாளில் ‘தூரம்’ என்ற எண்ணில் போய் நிற்கிறது.

ஜான் பிரௌனிங் என்ற அமெரிக்க வல்லுநர் 1895 மாதிரியை வடிவமைத்தபோது குழாயை விட்டுவிட்டார். தோட்டாக்களைக் கீழே ஒரு பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். இனி மூக்கு கூராக இருக்கலாம். தோட்டா பெரிதாகவும் இருக்கலாம். அதற்கு விலை உண்டு: பதினைந்து தோட்டா கொண்ட இடத்தில் இப்போது நான்கைந்துதான். அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் 1909இல் ஆப்பிரிக்க வேட்டைக்கு எடுத்துச் சென்றவற்றில் இந்த .405 துப்பாக்கியும் ஒன்று.

நான்கு துப்பாக்கிகள், மூன்று கணக்குகள்

இப்போது நாமே ஓர் ஆட்டம் தயாரிப்போம். நான்கு துப்பாக்கிகளை எடுத்துக்கொள்வோம். மூன்று வின்செஸ்டர்கள், நான்காவது, 1871இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்டு இந்தியாவிலும் பயன்படுத்திய மார்ட்டினி–ஹென்றி. அதற்கும் கீழே நெம்புகோல் உண்டு. ஆனால் தோட்டாப் பெட்டி கிடையாது. ஒவ்வொரு முறையும் ஒரு தோட்டாவைக் கையால் போட வேண்டும். நெம்புகோல் இருப்பதாலேயே எல்லாம் தொடர்ந்து சுடும் துப்பாக்கி ஆகிவிடாது என்பதைக் கவனியுங்கள்.

குண்டின் நிறை, வேகம், இயக்க ஆற்றல், உந்தம் ஆகியவை இவை. எல்லாம் தோராய மதிப்புகள். தோட்டாவைப் பொறுத்து மாறும்.

1873 மாதிரி (.44): 13 கிராம், நொடிக்கு 380 மீட்டர், 940 ஜூல், உந்தம் 4.9
1894 மாதிரி (.30): 11 கிராம், நொடிக்கு 670 மீட்டர், 2,470 ஜூல், உந்தம் 7.4
மார்ட்டினி–ஹென்றி: 31 கிராம், நொடிக்கு 410 மீட்டர், 2,610 ஜூல், உந்தம் 12.7
1895 மாதிரி (.405): 19.4 கிராம், நொடிக்கு 670 மீட்டர், 4,350 ஜூல், உந்தம் 13.0

சேதத்துக்கு எந்த எண்ணை எடுப்பது? ஆற்றலை எடுத்தால், கடைசித் துப்பாக்கி முதல் துப்பாக்கியைப் போல நாலரை மடங்கு. உந்தத்தை எடுத்தால் இரண்டே முக்கால் மடங்குக்கும் குறைவு. ஆற்றலின் வர்க்கமூலத்தை எடுத்தால் இரண்டு மடங்குக்குச் சற்று அதிகம்.

இன்னொன்றைப் பாருங்கள். ஆற்றல்படி 1894 மாதிரியும் மார்ட்டினியும் கிட்டத்தட்டச் சமம். உந்தப்படி மார்ட்டினி ஆண்டர்சனின் துப்பாக்கிக்குச் சமம்! கனமான குண்டு மெதுவாகச் சென்றால் உந்தம் மிகும். இலேசான குண்டு வேகமாகச் சென்றால் ஆற்றல் மிகும். காரணம், ஆற்றலில் வேகம் இருமுறை பெருக்கப்படுகிறது; உந்தத்தில் ஒருமுறைதான்.

உண்மையான ஓர் ஆட்டத்தில் என்ன செய்திருக்கிறார்கள்? 1981இல் வெளிவந்த ‘கால் ஆஃப் க்துல்ஹூ’ ஆட்டத்தின் விதிப்புத்தகங்களில், .30 அளவு நெம்புகோல் துப்பாக்கிக்கு ஆறுமுகப் பகடை இரண்டு. அதே அளவு .30-06 தோட்டா போடும், தாழ்ப்பாள் முறைத் துப்பாக்கிக்கு இரண்டு பகடையோடு 4 கூட்ட வேண்டும். சராசரி முறையே 7, 11. விகிதம் 1.57. இரண்டாவது தோட்டாவின் ஆற்றல் சுமார் 3,800 ஜூல். அதை 2,470ஆல் வகுத்தால் 1.54. நன்றாகப் பொருந்துகிறது அல்லவா?

அப்படியானால் ஆற்றல்தான் சரியான எண்ணா? அவசரப்படாதீர்கள். அருவிக்குத் திரும்பிப் பாருங்கள். காற்றின் தடையை விட்டுவிட்டால், 60 மீட்டர் விழும் நீரின் வேகம் நொடிக்கு 34 மீட்டர். ஏழரை லிட்டர் நீரின் உந்தம் 250க்கு மேல். குண்டின் உந்தமோ 13. உந்தத்தை வைத்தால் அருவி குண்டைவிட இருபது மடங்கு பெரிய ஆயுதம்! ஆற்றலை வைத்தால் இரண்டும் சமம். இரண்டு விடையும் தவறு என்பது குளித்தவர்களுக்குத் தெரியும்.

விடுபட்டவை பரப்பும் நேரமும். .405 குண்டின் குறுக்குப் பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டரைவிடக் குறைவு. அதன் ஆற்றல் முழுவதும் அந்தச் சிறு இடத்தில், ஒரு நொடியில் ஆயிரத்தில் சில பங்குக்குள் இறங்குகிறது. நீரோ துளித்துளியாய்ச் சிதறி, தலை, தோள், முதுகு என்று பரந்து, நேரமெடுத்து விழுகிறது. அதுமட்டுமா? பேரருவி நேராக விழுவதில்லை. நடுவழியில் பொங்குமாங்கடல் என்ற பாறைப் பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து, பொங்கி வழிகிறது. நம்மை அந்தப் பள்ளம் காப்பாற்றுகிறது. வெள்ளம் வரும்போது குளிக்கத் தடை போடுவதற்குக் காரணமும் இதிலேயே இருக்கிறது. நீர் மிகுவதோடு, அது கல்லையும் கட்டையையும் உருட்டி வரலாம். பரந்து விழும் நீர் வேறு. அதே வேகத்தில் ஒரு கூரிய கல் விழுவது வேறு.

இரண்டாவது குண்டின் மதிப்பு

மூன்றாவது எண்ணுக்கு வருவோம்: ஒரு சுற்றில் எத்தனை முறை சுடலாம்? நெம்புகோலின் பெருமை இங்கேதான்.

ஒவ்வொரு குண்டும் குறியில் பட 2இல் 1 வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒருமுறை சுடக்கூடியவருக்கு வாய்ப்பு பாதி. இருமுறை சுடக்கூடியவருக்கு? இரண்டும் தப்ப, பாதியில் பாதி, அதாவது கால் வாய்ப்பு. ஆகவே ஒன்றாவது பட முக்கால் வாய்ப்பு. குண்டின் ஆற்றல் ஒரு ஜூல்கூடக் கூடவில்லை. ஆயினும் பயன் கூடிவிட்டது. ஆட்கொல்லிப் புலிக்கு எதிரில் நிற்பவருக்கு இரண்டாவது தோட்டா எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை.

இங்கே ஆட்டக்காரர் ஒரு கேள்வி கேட்பார். 1873 மாதிரியால் மூன்று முறை சுட்டால் 3 × 940 = 2,820 ஜூல். மார்ட்டினியின் ஒரு குண்டைவிட அதிகம். எனவே மூன்று சிறு குண்டு ஒரு பெரிய குண்டுக்குச் சமமா? தாளில் கூட்டலாம், காட்டில் கூட்ட முடியாது. காட்டெருமையின் தடித்த தோலையும் எலும்பையும் துளைக்க முடியாத குண்டு, மூன்று முறை பட்டாலும் துளைக்காது. மூன்று சிறு ஏணிகள் இருந்தால் உயரமான மாடியில் ஏறிவிட முடியுமா?

தாயக்கட்டையை உருட்டுவோம்

நம் வீட்டில் ஆறுமுகப் பகடை இல்லாவிட்டாலும் தாயக்கட்டை இருக்கும். பித்தளையில் செய்த நான்கு பட்டைக் கட்டைகள் இரண்டு. பட்டைகளில் 1, 2, 3 புள்ளிகள். ஒரு பட்டை வெறுமை. இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12. மொத்தம் 4 × 4 = 16 விதமாக விழலாம். அதில் 1 விழ 2 வழி, 2 விழ 3 வழி, 3 விழ 4 வழி, 4 விழ 3 வழி, 5 விழ 2 வழி, 6க்கு ஒன்று, 12க்கு ஒன்று.

இவற்றின் சராசரி 3.75. பெரும்பாலும் 2, 3, 4தான் விழும். பதினாறில் ஒருமுறை 12 என்று திடீரென்று தாவும். துப்பாக்கிச் சேதத்துக்கு இது பொருத்தமான பகடை. ஏனெனில் உண்மையிலும் ஒரே குண்டு தோலை உரசிச் செல்லலாம், இதயத்திலும் படலாம். எங்கே படுகிறது என்பதே விளைவைத் தீர்மானிக்கிறது. அதை எந்த ஜூலும் சொல்லாது. பகடை, கணக்குக்குள் அடங்காத அந்தப் பகுதிக்கு நாம் விட்டுவைக்கும் இடம்.

1873 மாதிரிக்கு ஒருமுறை உருட்டல் என்று வைத்தால், ஆண்டர்சனின் துப்பாக்கிக்கு வர்க்கமூல விதிப்படி இருமுறை. உந்த விதிப்படி சுமார் மூன்று முறை. ஆற்றல் விதிப்படி நான்கைந்து முறை. எந்த விதி? நீங்கள் எந்தக் கேள்வி கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எவ்வளவு தள்ளும் என்று கேட்டால் உந்தம். எவ்வளவு வேலை செய்யும் என்று கேட்டால் ஆற்றல். எவ்வளவு ஆழம் துளைக்கும் என்று கேட்டால், பரப்பும் குண்டின் வடிவமும் சேர்ந்த இன்னொரு கணக்கு. கேள்வியைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால் அது அரை உண்மைதான்.

தாளில் ஏறாத எண்கள்

குற்றாலத்திலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கிறது செங்கோட்டை. அவ்வூர் வாஞ்சிநாதன் 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டதும், அங்கேயே தன்னையும் சுட்டுக்கொண்டதும் நீங்கள் படித்த வரலாறு. அவர் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கி. ஆம், 1895 மாதிரியை வடிவமைத்த அதே பிரௌனிங்தான்! ஒரு வல்லுநரின் வடிவங்கள் வேட்டைக்காரர் கைக்கும் வந்தன. புரட்சிக்காரர் கைக்கும் வந்தன. எடை, வேகம், தோட்டா எண்ணிக்கை எல்லாம் தாளில் எழுதலாம். யார், எதற்காக, யாரை நோக்கி என்பதற்குத் தாளில் கட்டம் கிடையாது.

காடும் அப்படித்தான். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு புலி வேட்டை குற்றம். குற்றால மலைக்குத் தெற்கே அதே மலைத்தொடரில் உள்ள களக்காடு–முண்டந்துறை, 1988இல் புலிகள் காப்பகமாயிற்று. ஆண்டர்சன் காலத்துத் துப்பாக்கிகள் இன்று அலமாரியிலும் ஆட்டத் தாளிலும் இருப்பதே பொருத்தம்.

செய்து பாருங்கள்

1. தாயக்கட்டையை 160 முறை உருட்டி ஒவ்வோர் எண்ணும் எத்தனை முறை விழுந்தது என்று குறியுங்கள். கணக்குப்படி 1 முதல் 6 வரை முறையே 20, 30, 40, 30, 20, 10 முறையும், 12 பத்து முறையும் வர வேண்டும். கொஞ்சம் கூடக் குறைய இருப்பது இயல்பு. 12 இருபது முறை விழுந்தால், கட்டையின் பட்டைகள் சமமானவைதாமா என்று அளந்து பாருங்கள்.

2. மேலே உள்ள நான்கு துப்பாக்கிகளுக்கும் ஆற்றல் விதிப்படி ஒரு தாளும், உந்த விதிப்படி ஒரு தாளும் தயாரியுங்கள். நண்பரோடு இரண்டு தாளிலும் ஆடுங்கள். எந்தத் துப்பாக்கியின் மதிப்பு அதிகம் மாறுகிறது?

3. உங்கள் ஊரில் எண்ணால் அளக்கப்படும் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: தேர்வு மதிப்பெண், மழை அளவு, பேருந்தின் வேகம். அந்த எண் எந்தக் கேள்விக்கு விடை? எந்தக் கேள்விக்கு விடை அல்ல? இரண்டையும் ஒரு தாளில் எழுதுங்கள். இரண்டாவது பட்டியல்தான் நீளமாக வரும்.